சின்ன அறைக்கு ப்ரெசன்ஸ் சென்சார்: கரண்ட் எங்கிருந்து எடுப்பது, எங்கே மாட்டுவது?

ப்ரெசன்ஸ் சென்சார், அதாவது அறையில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் கருவி, பற்றி வீட்டு ஆட்டோமேஷன் பக்கம் வருகிற நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். கணக்குப் போடுவதற்கு ஒரே ஓர் அறையை எடுத்துக்கொள்கிறேன்: பத்துக்குப் பத்தடி, பத்தடி உயரம், நடுவில் 48 அங்குல சீலிங் ஃபேன், ஓரமாகக் கட்டில், ஒரு ஸ்டீல் பீரோ, ஒரு மேஜை. நம் ஊரில் பெரும்பாலான சின்ன அறைகள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

பாத்ரூம் வாசல்ல ஆள் வந்தா லைட் எரியுற சென்சார் ஏற்கெனவே இருக்கு. இதுவும் அதுதானே? எதுக்கு தனியா காசு?

அது பிஐஆர் சென்சார். உடம்பு வெளிவிடும் வெப்பக்கதிர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்வதை அது பார்க்கிறது. நகர்ந்தால் தெரியும், மேஜையில் அசையாமல் உட்கார்ந்து படித்தால் தெரியாது. அதனால்தான் பாதிப் படிப்பில் லைட் அணைந்து, கையை ஆட்ட வேண்டியிருக்கிறது. ப்ரெசன்ஸ் சென்சார் ஒரு குட்டி ரேடார். 24 அல்லது 60 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, திரும்பி வருவதில் நேரும் மிகச் சிறிய மாற்றத்தைக் கவனிக்கிறது. மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்குவதுகூட அதற்குப் போதும்.

நம் கோடைக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. தோலின் வெப்பம் சுமார் 33 முதல் 35 டிகிரி. மே மாத மதியத்தில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையும் அதே அளவுக்குச் சூடாகிவிடும். அப்போது பிஐஆருக்கு ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் மங்கிவிடுகிறது. ரேடாருக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

ஒயர் இழுக்கவே பிடிக்கலை. பேட்டரி போட்டு ஒட்டிட முடியாதா?

சில ரேடார்களுக்கு மட்டும் முடியும், பலவற்றுக்கு முடியாது. பலரும் வாங்கும் ஹை-லிங்க் எல்டி2410 மாட்யூலை எடுத்துக்கொள்வோம். அது 5 வோல்ட்டில் சுமார் 80 மில்லியாம்பியர் இடைவிடாமல் இழுக்கும். கூடவே, அது சொல்வதை வீட்டு நெட்வொர்க்குக்கு அனுப்பும் குட்டிக் கணினியான ஈஎஸ்பி32 போர்டு வைஃபையில் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு வாட். 10,000 மில்லியாம்பியர்-மணி பவர் பேங்க் இதை ஒரு நாளுக்குச் சற்று மேல்தான் தாங்கும். போதாததற்கு, இழுக்கும் கரண்ட் குறைவாக இருந்தால் போன் நிறைந்துவிட்டது என்று எண்ணி, தானே அணைந்துவிடும் பவர் பேங்க்குகளும் உண்டு.

அகாரா எஃப்பி300 போல, காசு வடிவ பேட்டரியிலேயே ஓடும் ரேடார் சென்சார்களும் வந்துவிட்டன. உள்ளே பிஐஆரும் ரேடாரும் சேர்ந்தே இருக்கும். ரேடார் எந்நேரமும் முழு மூச்சில் ஓடாமல் மிச்சம் பிடித்து ஓடுவதால்தான் பேட்டரி தாங்குகிறது. வாடகை வீடு, சுவரைத் தொடக்கூடாது என்றால் இந்த வகை சரியான தேர்வு. சொந்த வீடென்றால் ஒயர் இழுப்பதையே சொல்வேன். நிலையான கரண்ட் கிடைத்தால் ரேடார் தூங்காது, சீக்கிரம் பதில் சொல்லும்.

பழைய போன் சார்ஜர் டிராயர்ல கிடக்கு. அது போதும்ல?

வோல்ட், ஆம்பியர் கணக்குப்படி போதும். 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருந்தால் தாராளம். ஆனால் கரண்ட் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மலிவான சார்ஜரின் 5 வோல்ட்டில் நடுக்கம் நிறைய இருக்கும். போன் அதைப் பொருட்படுத்தாது. ரேடார் நுண்ணிய மாற்றத்தைத் தேடுகிற கருவி என்பதால், அந்த நடுக்கத்தையே அசைவு என்று எடுத்துக்கொள்ளும். ஆளில்லாத அறையில் காரணமே இல்லாமல் 'ஆள் இருக்கிறார்' என்று வந்தால், சென்சாரைக் குறை சொல்வதற்கு முன் நல்ல கம்பெனி சார்ஜர் ஒன்றை மாற்றிப் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும்விடச் சுலபமான சோதனை இது.

ஃபாஸ்ட் சார்ஜர் சென்சாரை எரித்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். எதிரில் இருக்கும் கருவி கேட்டால்தான் அது 9 அல்லது 12 வோல்ட்டுக்கு ஏறும். கேட்காதவரை 5 வோல்ட்தான். டைப்-சி சாக்கெட் உள்ள சில மலிவான போர்டுகளில், சார்ஜரிடம் 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும் சின்ன ரெசிஸ்டர்களைப் போடாமல் விட்டிருப்பார்கள். அவை இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் உயிர் பெறாது. ஒரு முனை பழைய அகல யூஎஸ்பியாக உள்ள கேபிளைப் போட்டால் ஓடும். போர்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ப்ளக் பாயிண்ட் கீழ இருக்கு, சென்சார் மேல. எவ்வளவு நீளம் வரைக்கும் யூஎஸ்பி கேபிள் இழுக்கலாம்?

நீளத்தோடு உள்ளே இருக்கும் செம்பின் பருமனையும் பார்க்க வேண்டும். சாதாரண கேபிளில் 28 கேஜ் ஒயர் இருக்கும் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும்). 5 மீட்டர் கேபிள் என்றால் போக வர 10 மீட்டர். அதன் மின்தடை சுமார் 2.1 ஓம். வைஃபை உச்சத்தில் 300 மில்லியாம்பியர் இழுத்தால் 0.6 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். சென்சாருக்கு 4.4 வோல்ட்கூட மிஞ்சாது. அந்த நொடியில் போர்டு ரீஸ்டார்ட் ஆகும், அல்லது ரேடார் உளறும்.

அதே 5 மீட்டருக்கு 24 கேஜ் ஒயர் என்றால் இழப்பு கால் வோல்ட்தான். மெலிந்த கேபிளானால் 2 மீட்டரோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் தடித்த கேபிள் வாங்குங்கள். இல்லாவிட்டால் 230 வோல்ட் பாயிண்டையே எலக்ட்ரீஷியனை வைத்து மேலே கொண்டுபோய், சார்ஜரை சென்சாருக்குப் பக்கத்தில் வையுங்கள். பிவிசி பட்டிக்குள் ஓட்டிவிட்டால் கேபிள் கண்ணில் படாது.

டியூப் லைட் பாயிண்ட் மேலதானே இருக்கு, அதுலேயே எடுத்துடலாமா?

அந்த பாயிண்ட் சுவிட்சுக்குப் பின்னால் இருக்கிறது. யாராவது வழக்கம்போல சுவிட்சை அணைத்தால் சென்சாரும் அணையும். டியூப் லைட்டையே ஸ்மார்ட் ஆக்கி, சுவிட்சை நிரந்தரமாக ஆன் செய்து வைக்கிற வீட்டில் மட்டும் இது சரிவரும். ஏசி பாயிண்ட்டிலும் இதே பிரச்சினைதான். ஏசி வேண்டாத மாதங்களில் அதன் எம்சிபியை, அதாவது பாதுகாப்பு சுவிட்சை, கீழே தள்ளிவிடுவார்கள்.

சுவிட்ச் போர்டுக்குள்ளேயே எல்லாத்தையும் மறைச்சு வெச்சுடலாமே?

கரண்ட் எடுக்க அது நல்ல இடம். மாடுலர் ப்ளேட்டில் ஒரு வெற்று இடம் இருந்தால் யூஎஸ்பி சாக்கெட் மாட்யூலைப் போட்டுக்கொள்ளலாம். 5 வோல்ட் கைக்கே வந்துவிடும். ஹை-லிங்க் பிஎம்01 மாதிரி 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் குட்டி மாட்யூலை உள்ளே வைப்பவர்களும் உண்டு. அதன் கொள்ளளவு 3 வாட், ஒரு சென்சாருக்குப் போதும். ஆனால் அதற்கு நியூட்ரல் ஒயர் வேண்டும், ஃப்யூஸ் வேண்டும். இதை வயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

சென்சாரையும் உள்ளே வைப்பது வேறு விஷயம். சுவருக்குள் இருப்பது இரும்புப் பெட்டி என்றால் வைஃபை சிக்னல் நெரிபடும். ரேடார் முகப்புக்கு முன்னால் உலோகம் துளியும் வரக்கூடாது. பிளாஸ்டிக் ப்ளேட்டை அலை கடந்துபோகும். தவிர, சுவிட்ச் போர்டு பொதுவாகக் கதவை ஒட்டி நாலடி உயரத்தில் இருக்கும். அது பார்வைக்கு நல்ல இடமா என்பது கீழே ஃபேன் கேள்வியில் புரியும்.

கரண்ட் பில் ஏறுமா?

ஒரு வாட் வருடம் முழுக்க ஓடினால் 9 யூனிட்டுக்குள். சார்ஜர் இழப்பைச் சேர்த்தாலும் 13, 14 யூனிட்தான். இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சரி, சுவர்ல மாட்டவா, சீலிங்ல மாட்டவா?

ஃபேன் இல்லாத அறை என்றால் சுவரில், நாலைந்தடி உயரத்தில், ஆள் உட்காரும் இடத்தைப் பார்த்த மாதிரி வைத்தால் போதும். ரேடாருக்கு எதிரே மார்பு முன்னும் பின்னும் அசைவதைப் பிடிப்பது சுலபம். அறையில் ஃபேன் இருந்தால், என் அனுபவத்தில் சீலிங்தான் நிம்மதி. கட்டில் பக்கத்துச் சுவரை ஒட்டி, நேராகத் தரையைப் பார்த்தபடி மாட்டுங்கள். படுத்திருப்பவரின் மார்பு அப்போது சென்சாரை நோக்கியே ஏறி இறங்கும். தூங்குபவரைப் பார்க்க அதைவிட நல்ல கோணம் கிடையாது.

அண்ணா, ஃபேன் போட்டா போதும், ஆள் இல்லாட்டியும் இருக்கிறதாவே காட்டுது. சென்சாரே டூப்ளிகேட்டா?

இல்லை, சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ரேடாருக்கு அசைவதெல்லாம் ஒன்றுதான். சுழலும் அலுமினிய இறக்கையின் எதிரொலி, மூச்சு விடும் மார்பைவிடப் பல மடங்கு பலமானது. வெளிநாட்டு வீடியோக்களில் சீலிங் ஃபேன் இல்லாத அறையைக் காட்டி 'இங்கே ஒட்டுங்கள்' என்பார்கள். அதை அப்படியே நம் அறையில் செய்தால் இதுதான் நடக்கும். நம் அறையில் சென்சாருக்கு இடம் தேடும்போது முதலில் ஃபேனைப் பாருங்கள், அப்புறம் ஆளைப் பாருங்கள்.

எல்டி2410-இன் பார்வை நேர்க்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் சுமார் 60 டிகிரி. நம் மாதிரி அறையில் 48 அங்குல ஃபேனின் இறக்கை நுனி சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, சீலிங்கிலிருந்து ஓரடி கீழே இருக்கும். சென்சாரைச் சுவரில் ஐந்தடி உயரத்தில் நேராகப் பார்க்கவிட்டால், ஃபேனின் நடுப்பகுதி 39 டிகிரியிலும் பக்கத்து நுனி 53 டிகிரியிலும் விழும். முழு ஃபேனும் பார்வைக்குள். அதே சென்சாரைச் சீலிங்கில் சுவரை ஒட்டிக் கீழ்நோக்கி மாட்டினால், பக்கத்து நுனியே 72 டிகிரியில் போய்விடும். தூரத்து நுனி 80 டிகிரியையும் தாண்டும். ஃபேன் முழுக்கப் பார்வைக்கு வெளியே போய்விடுகிறது.

60 டிகிரிக்கு வெளியே எதுவுமே தெரியாது என்று அர்த்தமில்லை, மங்கலாகத் தெரியும். அலை தரையில் மோதி, மேலே ஃபேனைத் தொட்டு, வந்த வழியே திரும்புவதும் நடக்கும். அந்தச் சுற்றுவழி ஐந்தரை மீட்டரைத் தாண்டும். அதனால் 4.5 மீட்டருக்கு அப்பால் எதையும் பார்க்காதே என்று அமைப்பில் போட்டுவிட்டால் அது கழிந்துவிடும். மிச்சம் மீதியை அடுத்த பதிலில் சொல்லும் எண்களைக் கொண்டு சரிசெய்யலாம். சீலிங்குக்கு ஒயர் கொண்டுபோக வழியே இல்லை என்றால், சுவரில் ஆறரை அடி உயரத்தில் 30, 40 டிகிரி கீழே சாய்த்து வையுங்கள். சீலிங் அளவுக்கு வராது, சமாளிக்கலாம்.

சென்சிட்டிவிட்டி எண்ணை ஏத்தினேன். நல்லா பிடிக்கும்னு பார்த்தா, சுத்தமா பிடிக்கவே இல்லை. ஏன்?

எல்டி2410-இல் அந்த எண் ஒரு வாசற்படி. எதிரொலியின் பலம் அந்த எண்ணைத் தாண்டினால்தான் ஆள் என்று ஏற்கும். எண் ஏற ஏற, கூர்மை குறையும். 100 போட்டால் அந்தத் தூரத்தையே மூடியதற்குச் சமம்.

தூரத்தை அது 0.75 மீட்டர் துண்டுகளாகப் பிரிக்கிறது. இவற்றுக்கு கேட் என்று பெயர், எண்ணிக்கை 0-இல் தொடங்கும். அசைவுக்கு ஓர் எண், அசையாத ஆளுக்கு ஓர் எண் என்று ஒவ்வொரு கேட்டுக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதல் இரண்டு கேட்டுகளில் மட்டும் அசையாத ஆளுக்கான எண்ணை மாற்ற முடியாது. சீலிங்கில் மாட்டிய சென்சாரிலிருந்து ஃபேன் நுனி ஒரு மீட்டருக்குச் சற்று குறைவு, அதாவது கேட் 1. நாற்காலியில் இருப்பவரின் தலை 1.8 மீட்டர் கீழே, கேட் 2. நேர் கீழே கட்டிலில் படுத்தவர் 2.4 மீட்டர், கேட் 3. ஆகவே கேட் 1-இன் அசைவு எண்ணைத் தைரியமாக ஏற்றலாம். நிற்பவரின் தலை அந்த கேட்டில்தான் வரும், ஆனால் அவருடைய உடம்பும் கையும் அடுத்த கேட்டுகளில் தெரியும்.

ஆளில்லாத அறையில் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, வெளியே நின்று போனில் ஒவ்வொரு கேட்டின் பலத்தையும் பாருங்கள். ப்ளூடூத் உள்ள மாட்யூலுக்கு ஹை-லிங்கின் ஆப் இருக்கிறது. ஈஎஸ்பி32 போர்டில் போடும் ஈஎஸ்பிஹோம் மென்பொருளிலும் இதைப் பார்க்கலாம். வருகிற உச்சத்தைவிடச் சற்று மேலே எண்ணை வையுங்கள். பிறகு ஃபேனின் மற்ற வேகங்களிலும் பாருங்கள், நடுத்தர வேகம் தனியாக வம்பு செய்யக்கூடும். அகாராவின் இன்னொரு ரேடார் சென்சாரான எஃப்பி2 வைத்திருப்பவர்களுக்கு எண் விளையாட்டு இல்லை. ஃபேன் உள்ள பகுதியை ஆப்பில் இடையூறு என்று குறித்தால் போதும்.

ஹாலில் யாராவது நடந்தா ரூம் லைட் எரியுது. சுவர் தாண்டியா பார்க்குது?

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இந்த அலையை நன்றாகவே தடுத்துவிடும். வழி விடுவது கதவு. பிளைவுட், ஃப்ளஷ் டோர், பிவிசிக் கதவு எல்லாம் மூடியிருந்தாலும் ஓரளவு கசியும். சென்சார் கதவுக்கு எதிர்ச் சுவரில் இருந்தால் ஹாலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. கதவு உள்ள சுவரிலேயே, அறைக்குள் முகம் காட்டி வையுங்கள். சீலிங்கில் கீழ்நோக்கி இருந்தால் இந்தத் தொல்லையும் பெருமளவு குறையும்.

பீரோ, கண்ணாடி, கொசுவலை, கொடியில துணி... இதெல்லாம் பாதிக்குமா?

ஸ்டீல் பீரோ நன்றாகவே பாதிக்கும். அது அலைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. சென்சார் பீரோவைப் பார்த்திருந்தால், அதில் தெறித்து ஃபேனையோ கதவுக்கு வெளியே நடப்பவரையோ காட்டிவிடும். நிலைக்கண்ணாடிக்கும் இதே கதைதான். பீரோவுக்குப் பின்னால் மறைந்திருக்கும் இடமோ அறவே தெரியாது.

நூல் கொசுவலையை அலை கடந்துவிடும், ஆள் தெரிவார். ஆனால் காற்றில் ஆடும் வலை, ஜன்னல் திரை, கொடித் துணி எல்லாம் அசைவாகப் பதியும். ஈரத்துணி இன்னும் பலமாகத் தெரியும், தண்ணீர் அலையை நன்றாக எதிரொலிக்கும் என்பதால். சென்சாரின் முகத்துக்கு அருகிலேயே ஊரும் பல்லியும் ஓர் ஆளாகிவிடலாம். முதல் கேட்டை மூடி வைத்தால் அதில் பெரும்பகுதி தீரும்.

தூங்கும்போது மட்டும் 'யாரும் இல்லை'ன்னு வந்து ஃபேன் நின்னுடுது. அம்மா திட்டுறாங்க.

போர்வைக்குள் ஒருக்களித்துப் படுத்தவரின் மூச்சு சென்சாருக்குக் குறுக்காக அசையும், எதிரொலி மெலியும். மூன்று காரியம் செய்யுங்கள். சென்சார் கட்டிலுக்கு மேலே இருக்கட்டும். கட்டில் தூரத்துக்குரிய கேட்டில், அசையாத ஆளுக்கான எண்ணைக் குறையுங்கள். 'ஆள் போனார்' என்று முடிவெடுக்கும் நேரத்தை நீட்டுங்கள். லைட்டுக்கு அரை நிமிடம் போதும். ஃபேனை நிறுத்தப் பத்து நிமிடமாவது விடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஃபேனை சென்சார் அணைக்கவே கூடாது என்று ஒரு விதி போடுவது இன்னும் நல்லது. வயதானவர்கள் தூங்கும் அறையில் இதை நான் கட்டாயமாகவே சொல்வேன்.

பாத்ரூம்ல வைக்கலாமா?

வைக்கலாம், தண்ணீர் தெறிக்காத உயரத்தில், 5 வோல்ட் ஒயர் மட்டும் உள்ளே வரும்படி. சார்ஜர் வெளியே இருக்க வேண்டும். ஷவர் நீரும் எக்ஸாஸ்ட் ஃபேனும் ரேடாருக்கு அசைவுதான். அதனால் எக்ஸாஸ்ட் ஓடும்வரை ரேடாரின் பேச்சை நம்பாமல், கதவு சென்சாரையும் சேர்த்துப் பாருங்கள்.

இருபத்துநாலு மணி நேரமும் ரேடார் அலை. குழந்தை தூங்குற ரூம்ல பயமில்லையா?

இது அனுப்பும் சக்தி மிகக் குறைவு, வழக்கமான வைஃபை ரௌட்டரைவிடவும் குறைவு. இந்த அலைவரிசை தோலின் மேற்பரப்போடு நின்றுவிடும். எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வகையும் அல்ல. கேமரா இல்லை, மைக் இல்லை, படம் எடுப்பதில்லை. படுக்கையறைக்கு இது எனக்குப் பெரிய நிம்மதி.

ரூமுக்குள்ள போனதும் லைட் எரிய ஒரு நொடி தாமதம் ஆகுது. சரி பண்ண முடியுமா?

பிஐஆரைத் தூக்கிப் போடாமல் கூடவே வையுங்கள். லைட்டை எரிய வைப்பது பிஐஆர், எரியும் லைட்டை அணையாமல் காப்பது ரேடார், அணைப்பதும் ரேடார் என்று வேலையைப் பிரித்துவிடுங்கள். பிஐஆர் உடனே பதில் சொல்லும், ஃபேனுக்கும் அசராது. அறைக்குள் யாரும் வராமலேயே ஃபேனோ திரையோ லைட்டைப் போடுவதும் இதோடு நின்றுவிடும். ஏசியின் காற்று நேராக பிஐஆர் மேல் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போய் வந்தா, நடுராத்திரியில லைட் தானா எரியுது. இன்வெர்ட்டர் இருந்தும் இப்படி ஆகுதே?

வீட்டில் எல்லா பாயிண்ட்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. லைட்டும் ஃபேனும் அதில் இருக்கும். ப்ளக் பாயிண்ட்கள் பல வீடுகளில் வெளியே இருக்கும். சென்சாரோ ரௌட்டரோ அப்படி வெளியே இருந்தால் கரண்ட் வந்ததும் புதிதாகத் தொடங்கும். தொடங்கிய நொடியில் கட்டிலில் இருப்பவரைப் பார்த்து, 'இப்போதுதான் ஆள் வந்தார்' என்று அறிவிக்கும். சென்சார், ரௌட்டர், ஆட்டோமேஷனை நடத்தும் மென்பொருளான ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் பெட்டி மூன்றையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத் துண்டிப்பில் சில சார்ஜர்கள் தடுமாறும். அதற்கு, ரௌட்டருக்கென்று விற்கும் சின்ன டிசி யூபிஎஸ்ஸில் 5 வோல்ட் வெளியீடு உள்ளதாகப் பார்த்து வாங்கினால் தீரும்.

ஆட்டோமேஷனிலும் ஒரு வரி சேருங்கள்: சென்சார் 'கிடைக்கவில்லை' என்ற நிலையிலிருந்து 'ஆள் இருக்கிறார்' என்று மாறினால் எதையும் செய்யாதே, 'ஆள் இல்லை' என்பதிலிருந்து மாறினால் மட்டும் லைட்டைப் போடு. ஸ்மார்ட் பல்பாக இருந்தால், கரண்ட் திரும்பியதும் பழைய நிலைக்கே போகும்படி அதன் ஆப்பில் மாற்றிவிடுங்கள். அந்த அமைப்பே இல்லாத பல்பு என்றால் நடுராத்திரி எரிவது சென்சாரால் அல்ல, பல்பால்தான்.